திரையைக் கேட்காதே, பெட்டியைக் கேள்!

(மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவி ஒருவர்)



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கம்ப்யூட்டர் பற்றி எல்லா பிரிவு மாணவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒன்று எழுது" என்று சொன்னார்கள். எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயம் நான் செய்த ஒரு தப்புதான். அதையே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் தன் மினி ப்ராஜெக்டில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டால் போதும், எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

எங்கள் ஊர் பாம்பன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. அம்மா தென்கடலில் பாசி எடுக்கப் போவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் நான் கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும் வீட்டில் அது வேதவாக்கு. இந்தக் கதையில் ஆபத்தே அதில்தான் இருந்தது.

நடந்தது என்ன?

மினி ப்ராஜெக்டுக்கு நான் 'இன்றைய கடல்' என்று ஒரு வலைப்பக்கம் செய்தேன். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் என்பது அதன் முழுப்பெயர். 1999-ல் தொடங்கியது. அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்புகளை அது வெளியிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர்களுக்கான எச்சரிக்கைகளைத் தருகிறது. இவற்றைப் பார்த்து அன்றன்றைய செய்தியை நான் தமிழில் தட்டச்சு செய்து என் பக்கத்தில் போடுவேன். பயிற்சிக்காகச் செய்ததுதான். ஆனால் அப்பாவின் போனில் அதைத் திறந்து வைத்துக் காட்டிவிட்டேன். சந்தோஷத்தில் செய்த வேலை.

பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு. இன்னொன்று தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படகுப் படம், பக்கத்தில் ஒரு வரிச் செய்தி. எல்லாப் பெட்டிக்கும் கடல் நீல நிறம். லேபில் உள்ள 1366 பிக்சல் அகலத் திரையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். என் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன், அதிலும் சரியாக இருந்தது. சார் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்றார்.

வாடைக் காலத்தில் ஒரு நாள். அப்பா விடியலுக்கு முன்னால் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். என்னை எழுப்பினார்.

"ஏம்மா, உன் பெட்டியில போகலாம்னுதான போட்டிருக்கு? அங்க ஆபீஸ் கம்பத்துல கூண்டு ஏத்தியிருக்கான். எது சரி?"

தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் இரவு நானே தட்டச்சு செய்த வரி: 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' போனை வாங்கிப் பார்த்தேன். திரையில் இருந்தது இது:

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல...'

அவ்வளவுதான். 'வேண்டாம்' இல்லை. அதற்குப் பதில் மூன்று புள்ளி. பக்கத்தில் ஜம்மென்று படகுப் படம். அப்பா அதைச் 'செல்லலாம்' என்று முடித்துப் படித்திருக்கிறார். "புள்ளி வச்சிருந்த, ஏதோ அழகுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறியிருக்காவிட்டால்? அந்தக் கேள்விக்கு நான் இன்னும் வீட்டில் யாரிடமும் பதில் சொல்லவில்லை. லேபுக்கு வந்து, தப்பு எங்கே என்று தேடினேன். இனிமேல் வருவது பாடம்.

மீடியா க்வெரி என்றால் என்ன?

வலைப்பக்கத்தின் சரக்கை எச்.டி.எம்.எல். சொல்கிறது. அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சி.எஸ்.எஸ். சொல்கிறது. 1994-ல் ஹோக்கன் வியூம் லீ என்பவர் சி.எஸ்.எஸ். யோசனையை முன்வைத்தார். 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே 'திரைக்கு ஒரு தோற்றம், அச்சுக்கு ஒரு தோற்றம்' என்று பிரித்துச் சொல்ல வழி இருந்தது. அது வளர்ந்து மீடியா க்வெரி ஆனது. 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதி, அதற்கு 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு என்று பெயர் வைத்தார். 2012-ல் மீடியா க்வெரி உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் முழுப் பரிந்துரையாக வெளிவந்தது.

நம் ஊர் உதாரணம் சொன்னால் எளிதில் புரியும். 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகும், ரயில் நிற்கும். குறைந்தால் போகலாம். அளவு ஒன்று, அந்த அளவைத் தாண்டினால் செய்ய வேண்டிய வேலை ஒன்று. மீடியா க்வெரியும் இதுதான். என் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை வாயால் சொன்னால் இப்படி இருக்கும்:

'சாதாரணமாகப் படத்தை மேலே வை, செய்தியைக் கீழே வை, வரி நிறைந்தால் மடக்கிக்கொள். திரையின் அகலம் 600 பிக்சலோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பெட்டிக்குள் படத்தை இடது பக்கம் வை, செய்தியை ஒரே வரியில் ஓட விடு. மிஞ்சினால் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வை.'

600 என்ற அந்த எல்லைக்குப் பிரேக்பாயின்ட் என்று பெயர்.

காம்பொனென்ட் என்றால் என்ன?

இப்போது பெரிய பக்கத்தை யாரும் ஒரே கல்லாகச் செதுக்குவதில்லை. ரியாக்ட் 2013-லும் வியூ 2014-லும் வெளிவந்த பிறகு, பக்கத்தைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து கோக்கும் முறை பரவிவிட்டது. அந்தச் சிறு பகுதிதான் காம்பொனென்ட். என் 'கடல் பெட்டி' ஒரு காம்பொனென்ட். ஒரு தடவை எழுதினால் போதும். வடகடல் என்று கொடுத்தால் வடகடல் பெட்டி, தென்கடல் என்று கொடுத்தால் தென்கடல் பெட்டி. முகப்பில் பெரிதாகவும் வைக்கலாம், ஓரத்துப் பத்தியில் சின்னதாகவும் வைக்கலாம்.

இதற்கும் நம் பாலம்தான் உதாரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கப்பல் வந்தால் பாலம் முழுவதுமா எழும்புகிறது? கப்பல் போகும் வழியில் உள்ள 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மட்டும் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. மற்றவை அப்படியே நிற்கின்றன. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் தனிப் பகுதி. நல்ல காம்பொனென்டும் அப்படி இருக்க வேண்டும்.

பிறகு ஏன் வெட்டுப்பட்டது?

அப்பா முந்தின இரவு சினிமாப் பாட்டு பார்ப்பதற்காகப் போனைப் படுக்கப் போட்டு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். அப்படியே விடிகாலையில் என் பக்கத்தையும் பார்த்திருக்கிறார். நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் போனின் அகலம் 360 பிக்சல். படுத்தால் 800. (இந்தப் பிக்சல் சி.எஸ்.எஸ். கணக்குப் பிக்சல். போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் இதைவிடப் பெரிதாக இருக்கும், குழம்ப வேண்டாம்.)

இனி கணக்கைப் பாருங்கள். 800 என்பது 600-ஐ விடப் பெரிது. எனவே 'அகலத் திரை' விதி அமலுக்கு வந்தது. ஆனால் அந்த 800-ஐ இரண்டு பெட்டிகள் பங்கு போட்டுக்கொண்டன. இடைவெளி போக ஒவ்வொரு பெட்டிக்கும் 376 கிடைத்தது. அதில் படகுப் படமும் ஓர இடைவெளியும் போகச் செய்திக்கு மிஞ்சியது சுமார் 270. என் வரி அதற்குள் அடங்கவில்லை. வால் வெட்டுப்பட்டது.

தப்பின் வேர் இதுதான். திரை அகலமாக இருந்தது, பெட்டி அகலமாக இல்லை. நான் கேட்டது திரையை. கேட்டிருக்க வேண்டியது பெட்டியை. காற்றுக் கருவியை மதுரை ஜங்ஷனில் வைத்துவிட்டுப் பாம்பனில் சிக்னல் போட்ட கதை. பாலத்துக்குக் காற்றைப் பாலத்தில்தான் அளக்க வேண்டும்.

கண்டெய்னர் க்வெரி

பெட்டியையே கேட்கும் வசதி இப்போது சி.எஸ்.எஸ்.-ல் இருக்கிறது. அதன் பெயர் கண்டெய்னர் க்வெரி. குரோமில் 2022 ஆகஸ்டிலும், சஃபாரியில் அதே ஆண்டு செப்டம்பரிலும், ஃபயர்பாக்ஸில் 2023 பிப்ரவரியிலும் வந்தது. செய்முறை இரண்டே படி.

முதல் படி: பெட்டியைச் சுற்றி ஓர் உறை போடுங்கள். அந்த உறைக்குச் சி.எஸ்.எஸ்.-ல் 'கண்டெய்னர் டைப்' என்ற பண்பை 'இன்லைன் சைஸ்' என்று வையுங்கள். 'இந்த உறையின் அகலத்தை உள்ளே இருப்பவர்கள் கேட்கலாம்' என்று பிரௌசருக்கு அனுமதி கொடுப்பது இது.

இரண்டாம் படி: 'அட் மீடியா' என்று எழுதிய இடத்தில் 'அட் கண்டெய்னர்' என்று எழுதுங்கள். இப்போது விதி இப்படி ஆகிவிடும்: 'என்னைச் சுற்றியுள்ள உறையின் அகலம் 480 பிக்சலோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் படத்தை இடது பக்கம் வை.' அப்பாவின் போனில் உறை 376 தான். எனவே போன் நின்றாலும் படுத்தாலும் படம் மேலே, செய்தி கீழே, வரி மடங்கும். லேப் திரையில் உறை பெரிதாக இருப்பதால் படம் இடது பக்கம் போகும். காம்பொனென்டை எங்கே வைத்தாலும் அது தன் இடத்தைத் தானே அளந்துகொள்கிறது.

நான் சறுக்கிய இடங்கள் இரண்டு. நீங்களும் சறுக்காமல் இருக்கச் சொல்கிறேன்.

ஒன்று: உறை தன் அகலத்தைக் கேட்டுத் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது. உள்ளே இருப்பவற்றைத்தான் மாற்றலாம். காரணம் யோசித்தால் புரியும். 'அகலம் 400-க்கு மேல் என்றால் அகலத்தை 300 ஆக்கு' என்று ஒருவர் எழுதினால், 300 ஆனவுடன் விதி பொருந்தாது, பழைய அகலத்துக்குப் போகும், மறுபடி பொருந்தும். விடிய விடிய ஊஞ்சல்தான். அதனால்தான் தனி உறை வேண்டும்.

இரண்டு: உறையாக அறிவித்தபின் அதன் அகலம் உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்துத் தீர்மானமாகாது. வெளியில் இருந்துதான் அகலம் கிடைக்க வேண்டும். ஃபிளெக்ஸ் வரிசையில் அகலம் எதுவும் கொடுக்காமல் வைத்தால் சுருங்கிக் காணாமல் போகும். எனக்கு ஒரு மணி நேரம் போனது இதில்.

இதனால் மீடியா க்வெரி பழசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுப் பக்கத்தின் அமைப்பு, அச்செடுக்கும்போது வேண்டிய தோற்றம், இருட்டில் கண் கூசாத கறுப்புத் தோற்றம் ஆகியவற்றுக்கு அதுதான் சரி. வீட்டு நிலவரம் மீடியா க்வெரிக்கு, அறை நிலவரம் கண்டெய்னர் க்வெரிக்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வாலை வெட்டக் கூடாது

தோற்றத்தைத் திருத்திய பிறகும் மனசு ஆறவில்லை. இதே வரியை ஆங்கிலத்தில் எழுதி வெட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கூடாது' என்ற சொல் முன்னாலேயே வந்துவிடுகிறது. கடைசியில் வெட்டினாலும் 'போகாதே' என்ற பொருள் மிஞ்சுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. செல்லலாமா, செல்ல வேண்டாமா, சென்றார்களா, செல்லவில்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. மூன்று புள்ளி வைத்து வாலை வெட்டும் பழக்கம் நமக்கு ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து வந்தது. தமிழில் அது பொருளையே கவிழ்த்துவிடும்.

எனவே மூன்று விதி வைத்துக்கொண்டேன்.

1. எச்சரிக்கை, தேதி, பணம், மருந்து பற்றிய தமிழ் வரியை ஒருபோதும் ஒரே வரியில் அடைத்து வெட்டக் கூடாது. மடங்கட்டும். பெட்டி நீளட்டும். பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்கவே வேண்டாம்.

2. வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.5 மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கொம்பும் உண்டு. நெருக்கி அடைத்து ஓரத்தை மறைத்தால் 'ர்' என்பது 'ர' ஆகிவிடும்.

3. 'அறிவுறுத்தப்படுகிறார்கள்' போன்ற நீளச் சொல் குறுகிய பெட்டியைத் தாண்டி வெளியே ஓடும். 'ஓவர்ஃப்ளோ ராப்' என்ற பண்பை வைத்தால் வேறு வழி இல்லாதபோது சொல் மடங்கும். அதைவிட நல்ல வழி, சின்னச் சொல்லாக எழுதுவது. இப்போது என் பெட்டியில் முதல் வரி பெரிய எழுத்தில் 'போக வேண்டாம்' என்று இரண்டே சொல். விவரம் அதற்குக் கீழே.

கூண்டு சொல்லும் பாடம்

அன்று அப்பாவைத் திருப்பி அனுப்பியது புயல் எச்சரிக்கைக் கூண்டு. அதை உட்கார்ந்து யோசித்தபோது, நல்ல காம்பொனென்டுக்கு வேண்டிய இலக்கணம் அதில் அப்படியே இருந்தது.

கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே பொருள். பகலில் கூம்பும் உருளையுமாக ஏற்றுகிறார்கள். இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகளால் காட்டுகிறார்கள். தோற்றம் மாறும், பொருள் மாறாது. ரெஸ்பான்சிவ் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் ஏற்றினாலும் அதே அர்த்தம் என்பதால், ஒரு தடவை கற்றுக்கொண்டவருக்கு எங்கும் குழப்பம் இல்லை.

அந்த 11-ஆம் எண்ணைப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். தகவல் வராவிட்டால் என்ன காட்டுவது என்பதற்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள்! என் பக்கத்தில் புதுச் செய்தி போடாத நாளில் பழைய செய்தியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இப்போது 12 மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் 'புதிய தகவல் இல்லை, துறைமுகத்தில் கேளுங்கள்' என்று காட்டும்படி மாற்றிவிட்டேன்.

தோற்றத்திலும் இதே பாதுகாப்பு வேண்டும். பழைய போனில் உள்ள பழைய பிரௌசருக்குக் கண்டெய்னர் க்வெரி தெரியாது. தெரியாத விதியை அது தாண்டிப் போய்விடும். எனவே எந்த நிபந்தனையும் இல்லாத அடிப்படைத் தோற்றம் எதுவோ, அதுவே மிகப் பத்திரமானதாக இருக்கட்டும்: படம் மேலே, செய்தி கீழே, மடங்கும் வரிகள். அகலம் கிடைத்தால் அலங்காரம், கிடைக்காவிட்டால் நஷ்டம் இல்லை.

சமர்ப்பிப்பதற்கு முன் ஐந்து சோதனை

1. போனை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள்.
2. எச்.டி.எம்.எல். தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போன் தன்னைச் சுமார் 980 பிக்சல் அகலத் திரையாகப் பாவித்துப் பக்கத்தைச் சுருக்கிக் காட்டும். எழுதிய பிரேக்பாயின்ட் எதுவும் வேலை செய்யாது.
3. உங்கள் காம்பொனென்டை ஒரே பக்கத்தில் மூன்று அகலத்தில் வைத்துப் பாருங்கள்: முழு அகலம், பாதி, கால்.
4. உங்கள் செய்தியிலேயே மிக நீளமானதைப் போட்டுப் பாருங்கள். 'வணக்கம்' என்று போட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.
5. லேபுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது, வாய்விட்டுப் படியுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

ஐந்தாவது சோதனைதான் எனக்குப் பிந்திக் கிடைத்தது. திருத்திய பக்கத்தை அப்பாவிடம் கொடுத்தேன். போனை நிமிர்த்தினார், படுக்கப் போட்டார், கையைத் தள்ளிப் பிடித்தார். 'போக வேண்டாம்' என்று இரண்டு முறையும் சத்தமாகப் படித்தார். படகுப் படம் இருந்த இடத்தில் இப்போது கூண்டுப் படம். "சரிம்மா, இது சொல்லுது. ஆனாலும் நான் கூண்டையும் ஒரு எட்டுப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நானும் சொன்னேன். அதிகாரபூர்வ அறிவிப்புக்கு மாற்றாக எந்த மாணவரின் ப்ராஜெக்டும் ஆகாது. ஆனால் நாம் எழுதும் ஒரு வரியை யாரோ ஒருவர் நம்பிப் படகை அவிழ்க்கலாம் என்பதை மறக்கவும் கூடாது. அப்பா கடலுக்குப் போகும் முன் வலையில் ஒவ்வொரு கண்ணாகக் கிழிசல் பார்ப்பார். நான் பின்னுவதும் வலைதான். கிழிசல் பார்க்க இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

 சந்தேகம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் லேபுக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.